முனியாண்டி அங்கிள் சொல்லாமல் விட்ட நிப்பல்

கோத்தா திங்கிப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியனாக நான் சேர்ந்த முதல் நாள், வொர்க்‌ஷாப்பில் இருந்த ஆண்கள் எல்லாரும் அரை ஊமையானார்கள். அங்கே வந்த முதல் பெண் நான்.

எங்கள் தொழிலில் சில ஆங்கிலச் சொற்கள் உண்டு. உள்ளே போகும் பைப் முனைக்குப் பெயர் ‘மேல்’, அதாவது ஆண்; வாங்கிக்கொள்ளும் முனை ‘ஃபீமேல்’, பெண். இரண்டு இரும்பு முகங்கள் சரியாகப் பொருந்தினால் அது ‘மேட்டிங்’, இணைசேர்வது. பேரிங்குக்குள் கிரீஸ் செலுத்தும் சின்னக் குமிழுக்குப் பெயர் நிப்பல். அதன் வேறு பொருள் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பாலிடெக்னிக்கில் பாடமாகப் படித்ததால் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் ஃபோர்மேன் முனியாண்டி அங்கிளுக்கு என் வயதில் மகள்கள் இருந்தார்கள். மிகவும் மரியாதையானவர். அதுதான் பிரச்சினை.

பழம் ஏறிப்போகும் கன்வேயருக்கு கிரீஸ் அடிப்பது என் வேலை. அங்கிள் எங்கே அடிக்க வேண்டும் என்று வாயால் சொல்லவில்லை, விரலால் காட்டினார்.

"இங்க ஒண்ணு, அங்க ஒண்ணும்மா."

காட்டிய இடத்திலெல்லாம் ஒழுங்காக அடித்தேன். ஆனால் வால்பக்கம் இரும்புக் கவருக்குள் இன்னொன்று இருந்தது. அதை விரலால் காட்ட முடியாது. கவரைக் கழற்றி, உள்ளே நிப்பல் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக நான் தேநீர் குடிக்கப் போகும் நேரம் பார்த்து அவரே கழற்றி அடித்துவிட்டு மாட்டிவிடுவாராம். இது அப்போது எனக்குத் தெரியாது.

பெரிய மகளின் திருமணத்துக்கு அவர் லீவு எடுத்தார். போவதற்கு முன் என் மேசைக்கு வந்து நின்றார்.

"அந்தக் கவருக்குள்ளம்மா..." என்று ஆரம்பித்தார். கூரையைப் பார்த்தார். "சரி, கல்யாணத்துக்கு வந்துருங்க" என்று போய்விட்டார்.

அவர் லீவு முடிவதற்குள் வால்பக்க பேரிங் காய்ந்து இறுகி, ஷாஃப்டையும் கடித்துக்கொண்டது. கன்வேயர் நின்றது. பழ லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டின. எனக்கு இன்னும் வேலை உறுதியாகவில்லை. உறுதி செய்ய வேண்டியவர் இன்ஜினியர் செல்வநாதன். கன்வேயர் யார் பொறுப்பு என்று கேட்டார். என் பொறுப்புதான். அங்கே ஒரு நிப்பல் இருப்பதே தெரியாது என்றேன். சொல்லும்போதே நொண்டிச்சாக்கு போலத்தான் இருந்தது.

"தெரியாதவங்கள வச்சுக்கிட்டு நான் என்ன செய்றது?" என்றார்.

கோபத்தில் எனக்குக் கண் கலங்கியது. அழுதால் அதையும் கணக்கில் சேர்ப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

அங்கிள் திரும்பி வந்த அன்று காலையில் இருவரையும் இன்ஜினியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கிள் கையில் கல்யாணப் பலகாரப் பொட்டலம் இருந்தது. இந்தப் பெண்ணுக்கு வேலை காட்டிக் கொடுத்தீர்களா என்று இன்ஜினியர் கேட்டார். "கொடுத்தேன் பாஸ்" என்று அவர் சொல்லியிருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும். அவர் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். கூரை மின்விசிறியைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள மேல தப்பில்ல பாஸ். கவருக்குள்ள ஒரு... நிப்பல் இருக்கு. பொம்பளப் புள்ளகிட்ட அந்த வார்த்தைய எப்படிச் சொல்றதுன்னு நானே கிரீஸ் அடிச்சிக்கிட்டிருந்தேன் லா."

இன்ஜினியர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு லட்டை எடுத்துக்கொண்டார். எனக்கு வேலை உறுதியானது.

அன்றே அங்கிள் என்னைக் கன்வேயருக்குக் கூட்டிப்போய்க் கவரைக் கழற்றினார். நிப்பல், மேல், ஃபீமேல், மேட்டிங் என்று கசப்பு மருந்தை விழுங்குவது மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பிறகு தேநீர் குடிக்கப் போனவர் மதியம் வரை வரவில்லை.

மரியாதை நல்லதுதான். ஆனால் அது பேரிங்குக்குத் தெரியாது. இன்று அந்த வொர்க்‌ஷாப்புக்கு நான்தான் ஃபோர்மேன். புதிதாக வரும் பையன்கள் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவார்கள். அப்போது அந்த வார்த்தையை, கடைசி மெஷின் வரை கேட்கும்படி, முதலில் நானே சொல்லிவிடுவேன்.