பழவேற்காட்டுப் பாலைவனத்துக்குப் பட்டை போட்டவன்

ஜி.என்.டி. ரோட்டுல, கவரைப்பேட்டைக்கு இந்தப் பக்கம், முதல் ஸ்பிரிங் பட்டறை கட்டினது யாரு? நான். அப்போ அங்கே ஒரு புளியமரம், ஒரு டீக்கடை, நான். அவ்வளவுதான். புளியமரத்தை வெட்டிட்டாங்க, டீக்கடையை மூடிட்டாங்க, நான் இருக்கேன்.

அத்திப்பட்டு உப்பு லாரிங்களை ஓட வச்சது யாரு? உப்பு எதையும் தின்னும், லாரியை முதல்ல தின்னும். அதுக்கும் தாங்கற மாதிரி இரும்பு அடிச்சவன் நான். பொன்னேரி ரைஸ் மில்லுக்குப் பழைய லாரி ஆக்ஸிலை வெட்டி அச்சு பண்ணிக் கொடுத்தவன் நான். மூணாங் கிளாஸோட நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்னு சொல்றாங்க. தப்பு. பள்ளிக்கூடம்தான் என்னை விட்டுச்சு. நஷ்டம் அதுக்கு.

இதெல்லாம் நான் இந்தப் பத்தியில பல வாரம் எழுதி, நீங்களும் பொறுமையாப் படிச்சு, சில பேர் 'போதும் ஐயா'ன்னு கார்டு போட்ட சமாச்சாரம்தான். ஆனா ஒண்ணை மட்டும் இதுவரைக்கும் எழுதலை. ஒரு பாலைவனத்தையும் நான்தான் ஓட வச்சேன்.

சிரிக்காதீங்க. போன வாரம் நடந்ததைச் சொல்றேன்.

கவரைப்பேட்டை டென்ட் கொட்டகையில ஒரு பழைய படம் போட்டான். அரபு நாட்டு இளவரசன், மாறுவேஷம், குதிரைச் சண்டை... அந்த மாதிரிப் படம். பேரு வேணாம், வம்பு. போஸ்டர்ல கொட்டை எழுத்துல போட்டிருந்தான்: 'புத்தம் புதிய காப்பி'.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஏன்னா அந்தப் படத்துல என் பேரு வரணும். படம் முதல் தடவை வந்தப்ப வரலை. கேட்டதுக்கு அந்தக் கம்பெனி மேனேஜர், "டைட்டில் கார்டுல இடம் இல்லைங்க, அடுத்த காப்பியில சேர்த்துடறோம்"னு சத்தியம் பண்ணினார். இதோ புத்தம் புதிய காப்பி. பள்ளிக்கூடத்துல ரஃப் நோட்டு, ஃபேர் காப்பின்னு ரெண்டு இருக்குமே... ரஃப்ல இருக்கற தப்பைத் திருத்தித்தானே ஃபேர்ல எழுதுவாங்க? மூணாங் கிளாஸ் வரைக்கும் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க.

குடும்பத்தோட கிளம்பினேன். முக்கியமா எங்க மாமனாரைக் கூட்டிக்கினு போனேன். திருவாலங்காட்டுலேருந்து ரயில்ல வரவழைச்சு, அரக்கோணத்துக்காரன் ஒருத்தனோட சண்டை போட்டு பெஞ்சுல ஓர சீட்டு பிடிச்சு, உக்கார வச்சேன்.

எழுத்து ஓடுச்சு. நடிகருங்க பேரு, பாட்டுக்காரர் பேரு, சண்டைக்காரர் பேரு, தையல்காரர் பேரு. 'ஒட்டகம் உபயம்'னு ஒரு சர்க்கஸ்காரர் பேரு. அப்புறம் டைரக்டர் பேரு. அப்புறம் படம்.

மாமா திரும்பிப் பார்த்தார். "மாப்ளே, ஒட்டகத்துக்கு வந்துச்சு. உனுக்கு?"

நான் எழுந்து போய் ஆப்பரேட்டரை மறுபடி எழுத்து போடச் சொன்னேன். அவன் மாட்டேன்னான். நான் யாருன்னு சொன்னேன். யாரா இருந்தாலும் ரீலு ஓடிக்கினு இருக்குது, போய் உக்காருன்னான். ஜனங்களும் அவன் பக்கம். இந்த நாட்டுல தொழில் பண்றவனுக்கு எங்கேய்யா மரியாதை?

சரி... ஏன் இந்தப் பேருக்கு நான் இவ்வளவு பறக்கறேன்? அதுக்குப் பட்டைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியணும்.

நெத்தியில போடறது இல்லை. மளிகைக் கடையில விக்கறதும் இல்லை. லாரி, ஜீப்புக்கு அடியில, அச்சுக்கும் பாடிக்கும் நடுவுல, வில்லு மாதிரி வளைஞ்ச இரும்புத் தகடுங்களை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்கும். ஒவ்வொண்ணும் ஒரு பட்டை. குழியில வண்டி விழுந்தா உங்க இடுப்புக்கு முன்னாடி அடி வாங்கறது அதுதான்.

எனக்குப் பொண்ணு பார்த்த தரகர் இதை விவரமாச் சொல்லியிருக்கணும். சொல்லலை. எங்க மாமா திருவாலங்காட்டுல நெல்லு விளையற நிலத்துக்காரர். சிவபக்தர். கோயில் மணி அடிக்காம காப்பி குடிக்க மாட்டார். அவர்கிட்டப் போய், "மாப்பிள்ளை காலையில குளிச்சிட்டுப் பட்டை போட ஆரம்பிச்சார்னா பொழுது சாயற வரைக்கும் போடுவார்"னு சொல்லியிருக்கார் தரகர். மாமா அப்படியே கையெடுத்துக் கும்பிட்டாராம். உடனே தாம்பூலம்.

கல்யாணம் முடிஞ்சு பட்டறைக்கு வந்து பார்த்தார். நான் கரியும் கிரீஸுமா லாரிக்கு அடியிலேருந்து வெளியே வந்தேன். நெத்தியில வெறும் வேர்வை. அப்படியே திரும்பிப் போயிட்டார். அப்புறம் பட்டறை வாசப்படியை மிதிக்கவே இல்லை. ஊட்டுக்கு வருவார், பேரப் புள்ளைங்களைக் கொஞ்சுவார், சாப்பிடுவார். பட்டறையைத் தாண்டறப்ப மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவார். எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு நாள் கடுப்புல சொல்லிட்டார்: "உன் பேரு என்னிக்காவது சினிமாவுல வரட்டும், அன்னிக்கு வந்து உன் பட்டறையில உக்கார்றேன்." நடக்காதுன்னு நினைச்சுச் சொன்னது. சிவனுக்கு அடுத்தபடி அவருக்கு சினிமாதான்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்துச்சு சினிமாக் கம்பெனி.

பாலைவனத்துல ஹீரோ குதிரையில பறக்கணும். ராஜஸ்தான் போனா செலவு தாங்காது. பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரம், மணல்மேடு மணல்மேடாக் கிடக்குதே... அதுதான் அரேபியா. ரெண்டு படகைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டு, ஜீப்பை ஏரி தாண்டிக் கொண்டு போனாங்க. ஒட்டகத்தையும் அப்படியே கொண்டு போனாங்க. அது நடு ஏரியில வாந்தி எடுத்துட்டு, கரையில படுத்தது படுத்ததுதான். கடைசி வரைக்கும் எழுந்திருக்கலை. அதுக்குத்தான் 'உபயம்'.

குதிரை பக்கத்துல அதே வேகத்துல கேமரா ஜீப் ஓடணும். மிலிட்டரி ஏலத்துல எடுத்த ஜீப் அது. மணல்ல காத்தடிச்சு அலை அலையா வரி விழுந்திருக்கும். அதுல வேகமாப் போனா ஜீப் தவளை மாதிரி துள்ளுது. எடுத்ததைப் போட்டுப் பார்த்தா குதிரைக்கு எட்டுக் கால். கேமராமேன் தாஸுக்குப் புருவம் மாங்கொட்டையாட்டம் வீங்கிப் போச்சு.

மேனேஜர் என்னைத் தேடிக்கினு வந்தார். எனக்குக் கூலி வேணாம், டப்பு வேணாம், எழுத்து ஓடறப்ப என் பேரு ஓடணும்னு சொன்னேன். அவர் சந்தோஷமா ஒத்துக்கினார். கூலியை விட எழுத்து சீப்புன்னு நினைச்சிருப்பார்.

துருத்தி, பட்டடைக் கல், சம்மட்டி எல்லாத்தையும் படகுல ஏத்திக்கினு போய், மணல்லேயே உலை போட்டேன்.

எங்க தொழில்ல கௌரவம் பட்டையோட எண்ணிக்கையிலதான். கல்லு லாரிக்காரன் வந்தா, "இன்னும் ஒண்ணு சொருவு நைனா"ம்பான். பட்டை கூடினா பலம் கூடும். அதனால ஜீப்புக்கும் கூட ரெண்டு பட்டை சொருவினேன். ஓட்டிப் பார்த்தாங்க. முன்னே தவளை மாதிரி துள்ளினது, இப்போ ஆட்டுக்கிடா மாதிரி முட்டுச்சு. தாஸுக்கு இன்னொரு புருவமும் போச்சு. இதைத் தப்புன்னு சொல்லாதீங்க. டிரையல்.

அடுத்து, பாதிப் பட்டையை உருவிட்டேன். இப்போ மெத்தை மாதிரி போச்சு. முதல் மேட்டுல. ரெண்டாவது மேட்டுல ஜீப்போட வயிறு அச்சு மேல உக்காந்துடுச்சு. இதுவும் டிரையல்.

மேனேஜர் என்னைத் தனியாக் கூட்டிக்கினு போனார். ஹீரோவோட கால்ஷீட் நாளையோட முடியுது, நாளைக்கு சரிவரலைன்னா மெட்ராஸ் ஸ்டுடியோவுல மரக் குதிரை மேல அவரை உக்கார வச்சு, பின்னால திரைச்சீலையைச் சுத்தி விட்டு எடுத்துடுவோம்னார். மரக் குதிரைக்கு எதுக்கு ஸ்பிரிங்? என் பேரு எங்கே வரும்? எங்க மாமா எப்போ என் பட்டறையில உக்கார்றது?

ஏரிக்கரையில உக்காந்து யோசிச்சேன். அப்பதான் எனக்கே உரிய மூளை வேலை செஞ்சுது. உப்பு லாரியை நான் எத்தனை தடவை ஓட்டியிருக்கேன்... லோடு இருந்தா தொட்டில். காலியாத் திரும்பறப்ப உரல். அதே பட்டை, அதே ரோடு. அப்போ குறை பட்டையில இல்லை. ஜீப்புல ஆள் பத்தலை.

விடியக்காலமே வேலையை ஆரம்பிச்சேன். நீளப் பட்டைங்களை வச்சுக்கினேன். கீழே இருக்கற குட்டைப் பட்டைங்களைக் கழட்டினேன். நீளத்தை உலையில காய்ச்சி, அடிச்சு, வளைவை ஏத்தினேன். வளைவு ஏறினா வண்டி உயரம் ஏறும், வயிறு இடிக்காது. பட்டைக்குப் பட்டை உரசாம வழுக்கணும், அதுக்கு நடுவுல விளக்கெண்ணெய் தடவினேன். அந்த வாசனையை வச்சு, ஒட்டகத்துக்குப் பேதிக்குக் கொடுத்திருக்காங்கன்னு பக்கத்து மீனவர் குப்பத்துல பேச்சு. டயர்ல பாதிக் காத்தை இறக்கி, மணல்ல பரவ விட்டேன்.

அடுத்தது லோடு. மணல் மூட்டை போட்டாத் துள்ளும், வழுக்கும், அவிழும். இறுக்கிப் பிடிச்சு உக்கார்ற மூட்டை வேணும். குப்பத்துல தேசப்பன்னு ஒருத்தர், வலை இழுத்து இழுத்து தூண் மாதிரி இருப்பார். அவரையும் அவர் சகலையையும் மச்சானையும் கேட்டேன்.

தேசப்பன் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "எங்கள இன்னான்னு நெனச்சிக்கினு கூப்புட்ற? ஆக்டா, மூட்டையா?"

"மூட்டைதான்ணே. ஆனா கேமராவுக்குப் பக்கத்து மூட்டை."

"நாஷ்டா உண்டா?"

"பிரியாணி."

"அப்ப மூட்டையே."

இதைக் கேட்டுட்டு ஒல்லியா ஒருத்தர் ஓடி வந்தார். எடை பத்தாது, போங்கன்னுட்டேன். கொஞ்ச நேரத்துல, நனைஞ்ச வலை ஒண்ணைத் தோள்ல சுமந்துக்கினு, ஈயக் குண்டெல்லாம் தொங்க, திரும்பி வந்து நின்னார். "இப்போ பத்துமா?" பத்துச்சு. தாஸ் மட்டும், மீன் வாசனையும் விளக்கெண்ணெய் வாசனையும் சேர்ந்தா பேஜாரா இருக்குதுன்னார். மூக்கால படம் எடுக்க வேணாம்னு சொல்லிட்டேன்.

பின் பம்பர் மேல நான் நின்னுக்கினேன். தலையில முண்டாசு. குனிஞ்சு பட்டையையே பார்த்துக்கினு இருந்தேன். டிரைவர் மிதிச்சார். குதிரை பறந்துச்சு, நாங்களும் பறந்தோம். மணல் வரி மேல சக்கரம் ஏறுது இறங்குது, பட்டை விரியுது சுருங்குது... மேலே தேசப்பன் ஊஞ்சல்ல உக்காந்த கல்யாணப் பொண்ணு மாதிரி ஆடாம அசையாம வர்றார். ஓரத்துலேருந்து ஓரம் வரைக்கும் ஒரே ஷாட். தாஸ் கேமராவுலேருந்து முகத்தை எடுத்தப்ப புது வீக்கம் ஒண்ணும் இல்லை. என் கையைப் பிடிச்சுக்கினு விடவே இல்லை அந்த மனுஷன்.

அந்த ஷாட்டுக்குத்தான் ஊரெல்லாம் விசில் அடிச்சுது. இன்னிக்கும் அடிக்கறாங்க. போன வாரமும் டென்ட்ல அடிச்சாங்க.

விசில் சத்தத்துல நான் எழுந்து நின்னேன். அந்த ஷாட்டுல குதிரை ஒரு இடத்துல திரும்பும். காலை வெயில். ஜீப்போட நிழல் மணல் மேல நீளமா விழுந்து, படத்துக்குள்ள வந்துட்டுப் போயிடும். அதுல வால் பக்கமா முண்டாசு கட்டின ஒரு நிழல் குனிஞ்சு நிக்கும்.

"மாமா, அதோ... அது நான்."

மாமா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கினு பார்த்தார். நிழல் போயிடுச்சு. அப்புறம் என் பக்கம் சாய்ஞ்சு சொன்னார்: "அந்த வண்டி குலுங்கவே இல்லியே மாப்ளே."

இத்தனை வருஷத்துல என் தொழிலைப் பத்தி அவர் பேசின முதல் வார்த்தை அது. "அப்போ நாளைக்குப் பட்டறைக்கு வர்றீங்களா?"ன்னு கேட்டேன்.

"பேரு வரட்டும்"னுட்டார். சிவபக்தர். சொன்ன சொல்லை மாத்த மாட்டார்.

ஆகவே அந்தக் கம்பெனி முதலாளிக்கு இந்தப் பத்தி வழியா பகிரங்கமாச் சொல்லிக்கறேன். மாமாவுக்கு எம்பது நெருங்குது. அடுத்த காப்பி போடறப்ப என் பேரைச் சேர்த்தாகணும். பெரிய எழுத்து வேணாம். தையல்காரருக்குக் கீழே போட்டாலும் சம்மதம். 'பாலைவன ஸ்பிரிங்: கவரைப்பேட்டை கே. முனுசாமி'. அவ்வளவு போதும்.

இனிஷியலை மட்டும் பார்த்துப் போடுங்க. எதிர்ல பஞ்சர் ஒட்டறவனும் முனுசாமிதான், வி. முனுசாமி — தப்பிப் போச்சுன்னா எங்க மாமா நேரா அவன் கடையில போய் உக்காந்துடுவார்.