எதிர்வீட்டுக் குழி

இரண்டு ஆறுகளுக்கு நடுவே, ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, ஒரு குழியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் இடுப்பளவு தோண்டி, ஜல்லியும் மணலும் கொட்டி, மேலே வெட்டிவேரும் கல்வாழையும் நட்டிருந்தார். தெருவில் ஓடும் மழைநீர் அதில் இறங்கிப் பூமிக்குள் போய்விடுமாம். என் வாசல் முழுக்க சிமெண்ட். கார் நிற்க வேண்டுமே.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அந்தக் குழி வழிந்து நாறட்டும் என்று ஜன்னலருகே காத்திருந்தேன். நிரம்பியது. வெட்டிவேரின் நுனி மட்டும் தெரிந்தது. அன்றைய காபி அவ்வளவு ருசித்தது. மழை விட்டு, இருட்டுவதற்குள் தண்ணீர் முழுவதும் இறங்கிவிட்டது. கல்வாழை மட்டும் சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவரே கூப்பிட்டார். "உங்க வாசல் தண்ணியும் இங்கதான் சார் வருது. எங்க கிணத்துல தண்ணி நல்லா ஏறியிருக்கு. ரொம்ப தேங்க்ஸ்!"

வீட்டுக்குள் வந்ததும் மனைவி சிரித்தாள். "ஏங்க, நம்ம போர்வெல்லுல தண்ணியில்லாம காத்துதான் வருது. மழையை அவருக்கு தானம் பண்ணிட்டீங்களா?"

என் கூரையில் விழுந்த மழை, என் தரையில் வழுக்கி, அவர் கிணற்றில் போய் உட்கார்ந்திருக்கிறது! அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சிமெண்ட் போட்ட அதே கொத்தனாரைக் கூப்பிட்டேன். "ஒரு புல்லுகூட முளைக்கக் கூடாதுன்னீங்களே சார்?"

"உடைங்க."

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வெட்டிவேர் நாற்றுகளோடு வந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் போனதும், அவருடையதைவிட ஒரு சாண் ஆழமாகத் தோண்டச் சொன்னேன்.