சரோஜா அக்கா வீட்டுச் சப்போட்டா ஏன் காய்க்கவில்லை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு சப்போட்டா மரம் ஏன் காய்க்கவில்லை என்று ஒரு மாதம் துப்புத் துலக்கி, கடைசியில் நான் பிடித்த குற்றவாளி நானேதான். இருபது வருஷத்துக்கு மேல் உத்திரமேரூர் பக்கம் நர்சரி வேலை பார்த்தவன். ஒட்டுக் கட்டத் தெரியும், பதியன் போடத் தெரியும், எந்தச் செடியைக் காட்டினாலும் நின்ற இடத்திலேயே நாலு யோசனை சொல்லத் தெரியும். அதில் மூன்று யாரும் கேட்காதவை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. பங்குனி வரை வாய்தா

சரோஜா அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவர். அவர் வீட்டுக்கும் கொழுந்தன் ஏகாம்பரத்தின் வீட்டுக்கும் பின்னால் ஒரே தோட்டம். நடுவில் சுவர் கிடையாது, சண்டை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் கிளை கழித்து, குப்பை கூட்டி, தோட்டத்தைச் சீர்ப்படுத்துவது என் வேலை. நட்டநடுவில் நிற்கும் சப்போட்டா, ஆறு வருஷத்துக்கு முன் நானே கொண்டுபோய் நட்ட ஒட்டுச் செடி. “மூணாம் வருஷம் காய்க்கும்கா” என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்திருந்தேன்.

போன தை மாதம் அக்கா போன் செய்தார்.

“இன்னா தம்பி, மூணு வருஷம்னு சொன்ன. ஆறு ஆயிப்போச்சு, ஒரு பூ கெடையாது. இந்த ஏகாம்பரம் மரத்த வெட்டிட்டு ஆட்டோ வுட ஷெட்டு போடணும்னு ஒத்தக் கால்ல நின்னுக்கினு கீறான்.”

நான் போய்ச் சேர்ந்தபோது ஏகாம்பரம் டேப் பிடித்து இடத்தை அளந்துகொண்டிருந்தார்.

“நைனா, நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. பங்குனி முடியறவரைக்கும் டைம் குடுத்துக்கீறேன். ஒரே ஒரு பிஞ்சு காட்டு, ஆட்டோவ ரோட்லயே வுட்டுக்கறேன். இல்லன்னா வெட்டு, ஷெட்டு. அண்ணியே ஒத்துக்கிச்சு.”

“ஒத்துக்காம இன்னா பண்றது? எடத்துல பாதி அவனுது” என்றார் அக்கா. “ஆனா ஷெட்டு வந்துட்டா என் பக்கம் வெயிலே வுழாது தம்பி. தெனம் அம்பது இட்லித் துணி தோய்க்கிறேன். எங்க கொண்டுபோய்க் காயப் போடுவேன்? ஈரத் துணியில இட்லி ஊத்துனா வாடை வந்துடும், கடைக்கு எவன் வருவான்?”

ஒரு பிஞ்சு. அதற்கு இரண்டரை மாதம் இருந்தது.

2. மரத்திடம் விசாரணை

முதலில் தண்ணீர். வாளித் தண்ணீரைத் தண்டின் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்கும் வேர் அங்கே இல்லை. கிளையின் நிழல் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் வட்டமாகப் பாத்தி பிடித்தேன். அடுத்து வெயில். பக்கத்து முருங்கை மேலே வந்து கவிந்திருந்தது. அதை இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டேன். காய்ந்த குச்சிகளைக் கழித்தேன். மக்கிய சாணமும் வேப்பம் புண்ணாக்கும் வைத்தேன். பூப் பிடிக்கட்டும் என்று தேங்காய்ப் பாலையும் புளித்த மோரையும் கலந்து ஊறவைத்து, தண்ணீரில் கரைத்துத் தெளித்தேன். தேங்காய், அக்காவின் சட்னிக் கணக்கிலிருந்து வந்தது.

“மரத்துக்கு நாஷ்டா ஆச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஏகாம்பரம், நான் போகிற நாளெல்லாம், ஆட்டோவைக் கிளப்புவார்.

பூ வரவில்லை. இலை மட்டும் பளபளவென்று வந்தது.

மாசி பிறந்து ஒரு காலை, குப்பை கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு இலையைக் கையில் எடுத்தேன். நுனியில், நடுவில், நகத்தால் கிள்ளியதுபோல ஒரு சின்னப் பள்ளம். புழு கடித்திருக்கும் என்று நினைத்தேன். இன்னொன்றை எடுத்தேன். அதிலும் அதே பள்ளம். குவியலில் கைவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நுனியில், நடுவில், ஒரே அளவில். இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் புழு இருந்தால் அதை நர்சரியில் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாலு இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போனேன். அங்கே நிற்கும் தாய்ச் சப்போட்டாவில் இலை நுனி கூராக இருந்தது. பின்வரிசையில் பாலைக் கன்றுகள் இருந்தன. சப்போட்டா ஒட்டு கட்டுவது பாலைக் கன்றின் மேல்தான்: கால் பாலை, தலை சப்போட்டா. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பாலை இலையின் நுனியிலும் நகம் கிள்ளிய அதே பள்ளம்.

3. மண்ணுக்குள் இருந்தது

மறுநாள் விடிந்ததும் போய்த் தண்டைச் சுற்றி மண்ணைப் பறித்தேன். ஒரு சாண் ஆழத்தில் ஒட்டு கட்டிய முடிச்சு கிடந்தது. ஆழமாக நட்டதும் நான், வரும்போதெல்லாம் பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று மண் அணைத்து அணைத்து அதை மூடியதும் நான். முடிச்சுக்குக் கீழிருந்து நேராகக் கிளம்பியிருந்தது இப்போதைய மரம். முடிச்சுக்கு மேல் சாய்வாகப் போன தண்டு, ரம்பத்தால் அறுத்த கட்டையாக நின்றது. பிசிறில்லாத வெட்டு. இந்த வட்டாரத்தில் அவ்வளவு சுத்தமாக அறுக்கிறவன் ஒருவன்தான்.

அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டாம் வருஷம், மண்ணிலிருந்து இரண்டு தண்டு வந்திருந்தது. ஒன்று நேர், ஒன்று கோணல். கோணல் துடைப்பத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. அறுத்துவிட்டேன். நேரானது பாலை. கோணலானதுதான் சப்போட்டா.

அந்தக் கட்டையின் ஓரத்தில் ஒரு தளிர் இருந்தது. நாலே இலை, கூர் நுனி. அதையும் எனக்குத் தெரியும். வெட்டித் துளிர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அது சளைக்காமல் வந்துகொண்டிருந்தது.

யாரும் பார்க்கவில்லை. பேசாமல் மண்ணைத் தள்ளி மூடினால், பங்குனியில் ஏகாம்பரம் வெட்டுவார், வேரோடு என் தப்பும் போய்விடும், இருபது வருஷப் பேர் அப்படியே நிற்கும். இரண்டு கை மண்ணைத் தள்ளியும்விட்டேன். தலை நிமிர்ந்தால் கொடியில் வரிசையாக இட்லித் துணிகள். இரண்டு பேரையும் கூப்பிட்டேன்.

சொல்லி முடித்ததும் ஏகாம்பரம் மண்ணில் உட்கார்ந்து சிரித்தார்.

“அப்போ ஆறு வருஷமா யாருக்கு நைனா தண்ணி ஊத்துனோம்?”

“பாலைக்குண்ணா. அதுவும் பழம் வுடும். சின்னதா, மஞ்சளா, தித்திப்பா இருக்கும்.”

“எப்போ வுடும்?”

“அத மட்டும் என்னக் கேக்காதீங்க.”

அக்கா சிரிக்கவில்லை. தளிரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது பொயைக்குமா?”

“பெரிய மரத்த எடுத்துட்டா பொழைக்கும்கா. வெயில் வுழணும்.”

அக்கா கொழுந்தன் பக்கம் திரும்பினார். “நீ வாய்தா குடுத்தது சப்போட்டாக்குத்தானே? அதத்தான் இந்த ஆளு வளரவே வுடலியே. அப்புறம் எங்கேருந்து காய்க்கும்?”

ஏகாம்பரம் மரத்தையும் தளிரையும் மாறி மாறிப் பார்த்தார். “மரம் போவுதா இல்லியா?”

“போவுது” என்றார் அக்கா.

“சரி அண்ணி. ஷெட்டு வேணாம். மரம் போன எடத்துல ஆட்டோவ ஓரமா வுட்டுட்டுத் தார்ப்பாய் போட்டுக்கறேன். திரும்ப மூணு வருஷம். இந்த தபா நான் எண்ணிக்கினு இருப்பேன்.”

அன்றைக்கே பாலையை அறுத்தோம். தளிரைச் சுற்றி நாலு செங்கல் வைத்தேன். அது காய்க்குமா என்று இன்னும் தெரியாது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: ஒட்டுச் செடி நடும்போது ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேல் நாலு விரல் தெரியட்டும். அதன்மேல் என்றைக்கும் மண் அணைக்காதீர்கள். முடிச்சுக்குக் கீழே எது துளிர்த்தாலும் எடுத்துவிடுங்கள். ஆனால் எது கீழே, எது மேலே என்று மண்ணை விலக்கிப் பார்த்த பிறகு எடுங்கள். இலையையும் ஒருமுறை பாருங்கள். கோணலாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் வெட்டாதீர்கள்.

கிளம்பும்போது அக்காவிடம், “இனிமே மாசா மாசம் நானே வந்து பாத்துக்கறேன்கா, கூலி கூட வேணாம்” என்றேன்.

அக்கா என் கையிலிருந்த ரம்பத்தைப் பார்த்துவிட்டு, “வெறுங்கையோட வா” என்றார்.