முப்பத்தேழு பச்சைக் கட்டங்கள்

காசநோய்ப் பிரிவில் ஒப்பந்த ஊழியனாகச் சேர்ந்தபோது குன்னூரைச் சுற்றியுள்ள சில எஸ்டேட்டுகளை எனக்குக் கொடுத்தார்கள். மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பதும், ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பதும் வேலை. என் அம்மாவும் கொழுந்து பறிப்பவர்தான். வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் கொஞ்சம் அதிகமாகவே பாடம் நடத்தினேன்.

அப்படி ஒரு லைன் வீட்டில் நோயாளியாக இருந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை, மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். நோய் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: வேலை போய்விடுமா? வேலை போனால் லைன் வீடும் போகும். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டால் ஒன்றும் போகாது என்றேன். விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்றும் சொன்னேன்.

மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் அட்டையின் பின்னால் ஒரு போன் நம்பர் தெரியும். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் எங்கள் கம்ப்யூட்டரில் அன்றைய கட்டம் பச்சையாகும், இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் ஆபீசில் எனக்குத்தான் திட்டு என்றும் சொல்லிவைத்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அவர் லைனில் சிக்னல் கிடையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகுமுன், பனியில் தண்ணீர்த் தொட்டி மேடுவரை ஏறி போன் அடித்துவிட்டு இறங்குவார். "சாமி கும்பிடறதுக்கு முன்னாடி உங்க கம்ப்யூட்டரைத்தானுங்க கும்பிடறேன்" என்பார். நான்கு மாதம் ஒரு சிவப்பு இல்லை. இருமல் நின்றது, எடை கூடியது. மாதக் கூட்டத்தில் அவருடைய வரிசையைத் திரையில் காட்டி என்னைப் பாராட்டினார்கள்.

ஐந்தாவது மாதம் மாத்திரை வரவில்லை. மேலிருந்தே சப்ளை இல்லை என்றார்கள். வெறும் பையோடு போய், அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றேன், ஒரு நாள் விடக்கூடாது என்று சொன்ன அதே வாயால். அதுவரைக்கும் என்ன செய்ய என்று கேட்டார். நான் வண்டியை எடுத்தேன்.

ஆபீசில் பார்த்தால் அவர் வரிசை பச்சையாகவே நீண்டுகொண்டிருந்தது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஏதாவது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நேரில் போய்க் கேட்டிருக்கலாம். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. கொஞ்சம் பெட்டிகள் வந்ததும், சிவப்பு விழுந்தவர்களுக்கு முதலில் கொடு, பச்சைக்காரர்கள் பொறுக்கட்டும் என்றார் அதிகாரி. பட்டியலை நான்தான் போட்டேன். அந்த அக்கா கடைசி.

முப்பத்தெட்டாம் நாள் பெட்டியோடு போனேன். இருமல் வாசலுக்கே கேட்டது. கம்பளிக்குள் சுருண்டிருந்தவர் எழுந்து, பிஸ்கட் டப்பாவிலிருந்து பழைய அட்டைகளை எடுத்துக் காட்டினார். எல்லாம் காலி. அந்தப் பழைய நம்பர்களுக்கே தினமும் அடித்திருக்கிறார்; கம்ப்யூட்டர் அதையும் பச்சையாக்கியிருக்கிறது. காய்ச்சலோடும் மேடு ஏறியிருக்கிறார்.

"மாத்திரை இல்லாம எதுக்குக்கா அடிச்சீங்க?"

"நீங்க திட்டு வாங்கக் கூடாதுன்னுதான் தம்பி. எப்படியும் கொண்டாந்துருவீங்கன்னு தெரியுமுங்களே."

சளிப் பரிசோதனை முடிவு வந்தது. முக்கியமான மாத்திரை இனி வேலை செய்யாது. ஊட்டியில் சேர்த்து, வேறு மருந்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மருந்தில் கால் மரத்துப்போகலாம் என்றார் டாக்டர். மரத்த காலோடு சரிவில் நின்று யார் கொழுந்து பறிப்பது?

மருந்து ஏன் தடைப்பட்டது என்று ஒரு படிவம் இருக்கிறது. நோயாளி மறுத்தார், ஊர் மாறினார், குடி, மறதி. மருந்து இல்லை என்பதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதட்டுமா என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல பச்சை, பேப்பர்ல மருந்தில்லையா? மேல கேட்டா நீ போய்ப் பதில் சொல்லு. உன்னோட கான்ட்ராக்ட் நீட்டிப்பு ஃபைல் என் டேபிள்லதான் கிடக்குது."

மறதி என்பதில் டிக் போட்டேன்.

வார்டில் படிவத்தை நீட்டியபோது என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. "படிச்சவங்க எழுதுனா சரியாத்தானுங்க இருக்கும்" என்று பெருவிரலைக் காட்டினார். மை தடவி, நான்தான் பிடித்து அழுத்தினேன்.

எனக்கு நீட்டிப்பு கிடைத்தது. அக்கா மருத்துவ லீவுக்கு எஸ்டேட்டில் அந்தப் படிவத்தின் நகலைத்தான் கொடுத்திருந்தார். சொந்த மறதியால் நோயை முற்றவைத்துக்கொண்டவருக்கு லீவு நீட்ட முடியாது, வீட்டைக் காலி செய்யவும் என்று எஸ்டேட்டிலிருந்து கடிதம் வந்தது. படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்.