ஸ்லாட்காவின் தலை

வயதானவர்களைக் குளிப்பாட்டுவதில் என் தங்கை ஸ்லாட்காவை மிஞ்ச ஆள் கிடையாது. அண்ணன் என்பதால் பெருமையடிக்கவில்லை. இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் பதினொரு வருடம் வீடு வீடாகத் தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொண்டவள் அவள். அந்த வீட்டுக்காரர்கள் இன்றும் போனில் கூப்பிட்டு, முகம் பார்த்துப் பேசுகிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு ரயில்வே வேலைக்குப் போய், தண்டவாள ஆணிகளைத் தட்டிப் பார்த்தே ஓய்வு பெற்றவன். எதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

அவள் கணவர் ராட்கோ, எங்கள் நாட்டில் லோம் என்ற ஊரிலிருந்து விதின் நகரத்துக்குப் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ரொட்டி வாங்கப் போனவர் திரும்பவில்லை. தேடிப் போனால், நிலையத்தில் நின்றிருந்த ஒரு பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஆள் ஏறுவதற்காகக் காத்திருந்தார். அல்சைமர் என்றார் டாக்டரம்மா. “பேச்சு கொஞ்சம் கொஞ்சமா புரியாமப் போகும். ஆனா உங்க முகத்தையும் கையையும் ரொம்ப நாளைக்குப் படிச்சுக்கிட்டே இருப்பாரு” என்றும் சொன்னார். ஸ்லாட்கா இத்தாலி வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

வந்த வேகத்தில் வீட்டை மாற்றினாள். குளியலறைக் கதவில் ஒரு தொட்டியின் படத்தை ஒட்டினாள். வழுக்கும் கம்பளத்தைச் சுருட்டி மாடியில் போட்டாள். கூடத்துக் கண்ணாடியில் ராட்கோ யாரோ அந்நியனைக் கண்டு மிரண்டதால் அதன்மேல் மேசைவிரிப்பைத் தொங்கவிட்டாள். அடுத்த வீட்டுப் பென்கா அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். எங்கள் பக்கம் இழவு வீட்டில்தான் கண்ணாடியை மூடுவார்கள்.

“யாருடி செத்துப் போனது? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே.”

“யாரும் சாகல. நீ உள்ள வந்து உக்காரு.”

எனக்கும் பாடம் நடத்தினாள். “அண்ணா, ‘நான் யாரு சொல்லு’ன்னு அவனுக்குப் பரீட்சை வைக்காத. ‘ஸ்டாமென் வந்திருக்கேன்’னு நீயே சொல்லிடு. பின்னாடியிருந்து தொடாத, முன்னாடி வந்து நில்லு. அவன் பஸ் ஓட்டுறேன்னா ஓட்டட்டும்.”

ராட்கோ பகலெல்லாம் ஜன்னலோர நாற்காலியில் இருப்பார். யார் பக்கத்தில் போனாலும் “எங்க இறங்கணும்?” என்பார். நான் “விதின்” என்பேன். ஸ்லாட்கா “ஆர்ச்சார்” என்பாள். நாங்கள் பிறந்த ஊர் அது. அவர் பஸ்ஸில் அவள் முதன்முதலில் ஏறியபோது இறங்கிய இடமும் அதுதான்.

இவ்வளவு தெரிந்தவளுக்கு ஒன்று மட்டும் வசப்படவில்லை. ராட்கோ அவள் கையால் சாப்பிட மறுத்தார். கரண்டியை நீட்டி, “சாப்பிடு ராட்கோ, நல்லா இருக்கு” என்று கனிவாகச் சொல்வாள். வாயைத் திறக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்வார். குளிக்கவும் அப்படித்தான், பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிடுவார். நான் போனால் ஒரு தட்டு பீன்ஸ் சூப்பும் உள்ளே போகும். நான் போடும் புதினாவின் கைங்கரியம் என்று நினைத்தேன்.

“உன் சூப்பு ஒண்ணும் ஒசத்தி இல்ல. அடுப்படியில பூனைகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு” என்றாள் ஸ்லாட்கா. ஆனால் சிரிக்கவில்லை. “ஊர்ல உள்ளவங்களையெல்லாம் குளிப்பாட்டினேன். என் புருஷன் என்னக் கண்டா வாய மூடிக்கிறான். இலையுதிர் காலம் வரைக்கும் பாக்கிறேன். அதுக்கும் மேல இப்படியே மெலிஞ்சான்னா விதின்ல இருக்கிற முதியோர் இல்லத்துல விடணும். வேற வழி இல்ல.”

ராட்கோவின் பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட்டுக் கொடுத்தவன் நான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மதியம் பென்கா மாவுத் தாள்களுக்குள் சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சாவைச் சுடச்சுடக் கொண்டுவந்தாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். பென்கா காப்பிப் பாத்திரத்தைத் தூக்கி, “இன்னும் ஊத்தவா?” என்று ஸ்லாட்காவைக் கேட்டாள். ஸ்லாட்காவின் வாய் நிறைய பனிட்சா. தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினாள். பென்கா பாத்திரத்தை அடுப்பிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

“ஏன்டி எடுத்துட்டுப் போற?”

“நீதானே வேணாம்ன.”

“நான் எப்ப சொன்னேன்?”

“தலைய அந்த ஆட்டு ஆட்டினியே. இத்தாலிக்காரியாவே ஆயிட்ட போ.”

எங்கள் நாட்டில் தலையை மேலும் கீழும் அசைத்தால் வேண்டாம் என்று அர்த்தம். பக்கவாட்டில் அசைத்தால் சரி. இத்தாலியில் நேர்மாறு. நானும் பென்காவும் சிரித்தோம். ஸ்லாட்கா மென்றதை விழுங்கிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“அண்ணா, நான் அவனுக்கு ஊட்டும்போது என் தலை என்ன பண்ணும்?”

நான் மனதில் ஒருமுறை பார்த்தேன், இன்னொரு முறை பார்த்தேன். “இப்ப பென்காகிட்ட ஆட்டினியே, அதேதான். வாயி ‘சாப்பிடு’ங்கும், தலை ‘வேணாம்’ங்கும்.”

“பேச்சு அவனுக்குப் போயிடுச்சு. தலை மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.” தட்டைத் தள்ளி வைத்தாள். “அப்ப இத்தன நாளும் அவன் என் சொல்லக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கான்.”

பதினொரு வருடப் பழக்கம் ஒரே நாளில் போகுமா? ராட்கோ தூங்கும் நேரமாகப் பார்த்து, கண்ணாடியிலிருந்து விரிப்பை விலக்கி அதன் முன் நின்று பழகினாள். “சாப்பிடு” என்று சொல்லித் தலையைப் பக்கவாட்டில் அசைப்பாள். இரண்டாம் தடவையே தலை தானாக மேலும் கீழும் போய்விடும். “கழுத்துக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்திருக்கணும்” என்று தன்னையே திட்டிக்கொள்வாள். கடைசியில் மோவாயை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஆட்டிப் பழகினாள்.

சனிக்கிழமை சூப்பை நான் வைக்கவில்லை, அவளே வைத்தாள். கரண்டியை நீட்டி, தலையை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள். ராட்கோ அவள் முகத்தைப் பார்த்தார். அவர் தலையும் அதேபோல் அசைந்தது. வாயைத் திறந்தார். தட்டு காலியானதும் ரொட்டியால் அடியைத் துடைத்தும் சாப்பிட்டார்.

ஊட்டி முடித்த கையோடு துண்டை எடுத்தாள். “வா ராட்கோ, தண்ணி சூடா இருக்கு.” மறுபடி தலையசைப்பு. எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். குளியலறை வாசலில் நின்று, “எங்க இறங்கணும்?” என்றார்.

“கடைசி ஸ்டாப்பு வரைக்கும்.”

“அப்ப சீக்கிரம் ஏறு, கதவ மூடணும்.”

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சிரிப்பு. நான் வெளியே உட்கார்ந்து அவருக்கு மாற்றுச் சட்டையின் பித்தான்களைக் கழற்றி வைத்தேன்.

இலையுதிர் காலம் வந்து, போயும் விட்டது. விதின் இல்லத்தைப் பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை. பெல்ட்டில் நான் போட்ட துளைகளில் ஒன்று இப்போது தேவைப்படுவதில்லை. பேர் சொல்லி அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. அது இன்னும் குறையத்தான் செய்யும், ஸ்லாட்கா அதை எனக்குச் சொல்லியே வைத்திருக்கிறாள்.

போன ஞாயிறு பொலோன்யாவிலிருந்து அவளுடைய பழைய வீட்டம்மா போனில் முகம் காட்டினார். ராட்கோ நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். ஸ்லாட்கா மலர்ந்த முகத்தோடு தலையைப் பக்கவாட்டில் அசைத்தாள். அந்தம்மா நெஞ்சில் கைவைத்துவிட்டார்.

“வாயத் தொறந்து சொல்லுடி, பாவம் பயந்துட்டாங்க” என்றேன்.