எலியாஸ் யுக்கின் முடி

மழைக்காலத்தில் எலியாஸ் யுக்கின் முடி முழுசாகக் காய்ந்ததே கிடையாது. காலையில் ஒரு கூட்டத்தை அருவிக்கு அழைத்துப் போய்த் திரும்பி, பிழிந்து உதறி, அடுப்புச் சூட்டில் உட்கார்ந்து கொஞ்சம் ஆற்றுவதற்குள் பலென்கே நகரத்திலிருந்து அடுத்த வண்டி வந்து நிற்கும். இடுப்பு வரை தொங்கும் ஈர முடி. முழங்கால் வரை வெள்ளை அங்கி. அங்கிக்குள் அரைக்கால் சட்டை, அதன் பையில் கைப்பேசி. காலில் ரப்பர் பூட்ஸ். இப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

விடுதி ருபெர்தோவுடையது. ருபெர்தோ, எலியாஸின் மனைவி சனுக்கின் அண்ணன். ஆற்றை ஒட்டிப் பலகைக் குடில்கள், பெரிய சமையல் கொட்டகை, தார் ரோடு திரும்பும் இடத்தில் "காட்டில் மாயாக்களோடு ஒரு நாள்" என்று ஒரு பலகை. பலகையில் இருக்கும் முகம் எலியாஸுடையதுதான். அந்தப் படம் எடுத்தபோது கன்னத்தில் சதை இருந்தது.

வேலை கஷ்டமில்லை என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நடக்க வேண்டும், மரத்தைக் காட்ட வேண்டும், காட்டுக்குள் புதைந்து கிடக்கும் கோயில் படிக்கட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்க வேண்டும். ஆனால் வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விகள். முடியை வெட்டினதே இல்லையா? உங்கள் சாமிகள் இன்னும் இருக்கிறார்களா? தொட்டுப் பார்க்கலாமா? தொடச் சொல்லுவான். பெண்கள் தொடுவார்கள், குழந்தைகள் இழுப்பார்கள், ஒரு கிழவர் மோந்துகூடப் பார்த்திருக்கிறார். இவன் சிரித்தபடி நிற்பான். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். சனுக் பின்னால் உட்கார்ந்து கழுத்தில் தைலம் தேய்த்து விடுவாள். அவளுக்கும் கை ஓய்ந்து போயிருக்கும், பகலெல்லாம் விதைகளை ஊசியில் கோத்து மாலை கட்டுகிறவள். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அந்த செப்டம்பரில், அருவிப் பாதையில், மழை விட்ட நேரத்தில் ஒரு பட்ட கிளை முறிந்து அவன் தலையில் விழுந்தது. பின்னால் வந்த இத்தாலிக்காரர்கள்தான் தூக்கி வந்து வண்டியில் போட்டார்கள். பலென்கே ஆஸ்பத்திரியில் தையல் போட வேண்டும் என்றார்கள். தபாஸ்கோ மாநிலத்துக்காரி ஒரு நர்ஸ், வலப்பக்க முடியைக் கத்தரித்து மழித்துவிட்டு, பாவமாகப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. இத எடுக்காம தையல் போட முடியாது. எத்தன வருஷமா வளத்தீங்களோ."

எலியாஸ் பளபளப்பான மருந்துத் தட்டின் அடிப்பக்கத்தில் தன்னைப் பார்த்தான். பாதித் தலை மொட்டை, பாதித் தலையில் இடுப்பு வரை முடி.

"மீதியையும் எடுத்திரும்மா," என்றான்.

"நெசமாவா?"

"எடுத்திரு."

சனுக் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். விழுந்ததை எல்லாம் அள்ளி ஒரு கடைப் பையில் போட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி அந்த இரும்புக் கட்டிலில் எலியாஸ் விடிய விடியத் தூங்கினான். தலையில் தையல் இருந்தும் அப்படி ஒரு தூக்கம்.

திரும்பி வந்தபோது ருபெர்தோ கொட்டகை வாசலில் நின்றான். தலையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான், அதைச் சுற்றியிருந்த மொட்டையைப் பார்த்தான்.

"என்ன மாப்ளே இது!"

"கிளை விழுந்துருச்சு மச்சான்."

"கிளை ஒரு பக்கம்தான விழுந்துச்சு? இன்னொரு பக்கத்த யாரு எடுக்கச் சொன்னது?"

எலியாஸ் வாயைத் திறப்பதற்குள் சனுக் சொன்னாள்: "நர்ஸுதான்ணே. ஆஸ்பத்திரில அப்படித்தானாம்."

"அவளுக்கென்ன, எடுத்துட்டா. டிசம்பர்ல டூர் கம்பெனிக்காரன் பெரிய கூட்டம் அனுப்புறான். நான் யாரக் காட்டுறது?"

காயம் ஆறும் வரை, முடி வளரும் வரை, பின்கட்டு வேலை என்று முடிவானது. வெள்ளை அங்கியை மடித்து வைத்தாயிற்று. எலியாஸ் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு மூட்டை இறக்கினான், குடில் கூரைக்கு ஓலை மாற்றினான், கழிப்பறைகளுக்கு மரத்தூள் கொண்டு போனான். ஒருநாள் மெக்சிகோ சிட்டியிலிருந்து வந்த ஒருவர் அவனை நிறுத்தினார்.

"ஏம்ப்பா, நீ இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவனா? இங்க நீள முடி வச்ச லக்கந்தோன் மாயாக்காரங்க இருப்பாங்கன்னாங்களே, யாரையும் காணோம்?"

"இருக்காங்க சார்," என்றான் எலியாஸ். "நாளைக்கு வருவாங்க."

சமையல்கட்டிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவனுக்கும் அடக்க முடியவில்லை. இன்னொரு நாள் ஒரு பிரெஞ்சுக்காரி தன் கேமராவை அவன் கையில் கொடுத்து, தன்னையும் ருபெர்தோவையும் சேர்த்து எடுக்கச் சொன்னாள். எலியாஸ் எடுத்தான். கேமராக் கண்ணாடிக்குள் மச்சானின் முகம் சின்னதாகத் தெரிந்தது. அந்தச் சிரிப்பு எங்கே ஆரம்பித்து எங்கே நிற்கும் என்று அவனுக்கு அத்துப்படி. அவனே சிரித்த சிரிப்புதான்.

சாமான் வாங்க பலென்கே போகும்போதுதான் அவனுக்கு ரொம்பப் பிடித்தது. முன்பு அங்கே போனால் தெருவே திரும்பிப் பார்க்கும், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கேமராவை எடுப்பார்கள். இப்போது எல்லோருக்கும் அவன் யாரோ ஒரு கூலியாள், பக்கத்து மலையின் செல்த்தால் இனத்துக்காரன். பூங்காவில் உட்கார்ந்து சுட்ட சோளம் தின்றான், முத்துகள் பல்லில் மாட்ட, எலுமிச்சைச் சாறு முழங்கைக்கு வழிய. ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. வண்டியைத் தவறவிடும் அளவுக்கு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

"முடி போனதுலேருந்து ரொம்பப் பேசுற நீ," என்றாள் சனுக் ஒருநாள்.

"அப்படியா?"

"ஆமா. முன்னாடியெல்லாம் வெளில பேசித் தீத்துட்டு, வீட்டுக்கு வெறும் வாயோட வருவ."

ஆனால் வழிகாட்டிக்கு வந்த அன்பளிப்பு மூட்டை இறக்குகிறவனுக்கு வருவதில்லை. சனுக் கூடுதலாக மாலை கட்டினாள். வண்டி வரும் நேரத்துக்கெல்லாம் பூப்போட்ட பாவாடையும், பின்னலில் டூக்கான் பறவையின் இறகுமாக, வீட்டு வாசலில் மாலை விற்கும் மேசைக்குப் பின்னால் நின்றாள். இறகு தலையை அரிக்கும். சொறிந்துகொள்ள நேரம் இருக்காது.

டிசம்பர் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ருபெர்தோ சான் கிறிஸ்தோபல் நகரத்துக்குப் போய் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். உள்ளே நீளமான கறுப்பு முடி, வலைத்துணியில் வைத்துத் தைத்தது.

"மாதா கோயில் சிலைகளுக்கு முடி பண்ற கடையில வாங்குனேன் மாப்ளே. ஒரிஜினல். ஆண்டவரே வச்சுக்கிறாரு, உனக்கென்ன?"

"நாம சிலை கும்பிடுற ஆளுங்க இல்லையே மச்சான்."

"கும்பிடவா சொன்னேன்? போட்டுக்கத்தான் சொல்றேன்."

எலியாஸ் போட்டுக்கொண்டான். பயந்துகொண்டுதான் போனான். காற்றடித்தால் கழன்றுவிடுமோ, அருவியில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று நடை முழுக்க ஒரு கை தலையிலேயே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவனை ஆட்டிவிட்டது. அதே கேள்விகள் வந்தன, அதே பதில்களைச் சொன்னான், அதே இடத்தில் படம் எடுத்தார்கள். நரைத்த தலையோடு ஒரு பெண்மணி கேட்டுக்கொண்டு தொட்டுப் பார்த்தாள். "எவ்வளவு மெத்துனு இருக்கு," என்றாள், கண் கலங்க. அவள் விரல்கள் அளைந்துகொண்டிருந்தது எந்த ஊர்ப் பெண்ணின் முடியோ. என்ன தேவைக்காக வெட்டி விற்றாளோ. எலியாஸ் குனிந்தபடி நின்றான். மூச்சுக்கூட அவனுடையது இல்லை போல இருந்தது.

சாயங்காலம் ஆற்றில் கால் விட்டு உட்கார்ந்திருந்த ருபெர்தோவிடம் போய் முடியைப் பெட்டியோடு கொடுத்தான்.

"இனிமே முடியாது மச்சான்."

"ஏன்? யாரும் கண்டுபிடிக்கலையே?"

"கண்டுபிடிக்கலதான்."

"அப்புறம் என்ன?"

"என்னான்னு சொல்லத் தெரியல. முடியாது. வளந்தாலும் வெட்டிருவேன். அன்னைக்கு நர்ஸு எடுக்கல, நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

ருபெர்தோ கோபப்படுவான் என்று எதிர்பார்த்தான். அவன் தன் ஈர முடியை முன்னால் இழுத்துப் போட்டுக் கொஞ்ச நேரம் பிழிந்துகொண்டிருந்தான். சாயம் கரைந்த இடங்களில் நரை தெரிந்தது. விருந்தாளிகள் வரும் நாட்களில் அவன் சாயம் பூசுவது எலியாஸுக்குத் தெரியும்.

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றான் ருபெர்தோ. "பசங்க ரெண்டு பேரும் ஒகோசிங்கோவுக்குப் படிக்கப் போன மறுவாரமே வெட்டிட்டானுங்க. அப்பா, படிக்கிற எடத்துல சிரிக்கிறாங்கப்பான்னானுங்க. சரின்னேன். இப்ப நீயும். நானும் வெட்டிட்டேன்னா அந்த வண்டிக்காரன் எதுக்குடா இங்க வந்து நிறுத்துவான்? மரத்தப் பாக்கவா? மரம் அவன் ஊர்லயும் இருக்கு."

எலியாஸ் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கும் கழுத்து வலிக்குது மாப்ளே," என்றான் ருபெர்தோ. பிறகு எழுந்து, பெட்டியை இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். அங்கே கம்பெனி அனுப்பிய விருந்தாளிகளுக்கு இரவுச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. போகிற வழியிலேயே அவன் முதுகு நிமிர்ந்தது, நடை மெதுவானது, முடியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

அதற்குமேல் அவன் வற்புறுத்தவில்லை. அந்தப் பெட்டி வேறொருத்தனுக்குப் போனது. ஊர்க்கோடியில் இருந்த ஒரு வாலிபன், மோட்டார் சைக்கிள் மெக்கானிக், வண்டி வரும் நாட்களில் மட்டும் அங்கியையும் முடியையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். நன்றாகவே பேசினான். எலியாஸ் பாதை வெட்டினான், மரப்பாலங்களுக்குப் பலகை மாற்றினான். மச்சான் கொடுத்தது குறைவுதான், ஆனால் கொடுத்தான்.

கோடையில் முடி காது வரைக்கும் வந்துவிட்டது. சனுக் கத்தரிக்கோலோடு முற்றத்தில் நின்றாள்.

"விடவா, வெட்டவா? இப்பவே சொல்லிரு."

"வெட்டு."

அவள் வெட்டினாள். நிதானமாக, சீராக. கழுத்தில் ஒட்டியதை ஊதித் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு எப்பக் கிளை விழும்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

எலியாஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பாவாடையில் விழுந்த முடியைத் தட்டிவிட்டு, மேசைப் பக்கம் போக எழுந்தாள். வண்டி வரும் நேரம். எலியாஸ் அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருடமாக அந்த முகம் தன் கழுத்துக்குப் பின்னாலேயே இருந்துவிட்டது என்று பட்டது.

"நீ போய்ப் படு," என்றான். "நான் நிக்கிறேன்."

"உன்கிட்ட எவன் வாங்குவான்?"

"வாங்காட்டிப் போறான். படு."

அவள் நம்பாமல் மேசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பின்னலிலிருந்த இறகை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வண்டி வந்தது. மாலைகளுக்குப் பின்னால் சட்டை போட்ட, முடி வெட்டிய ஆள் ஒருவன் நிற்பதைப் பார்த்துப் பலர் பேசாமல் தாண்டிப் போனார்கள். ஒருத்தி மட்டும் நின்று ஒரு சிவப்பு விதை மாலையை எடுத்துப் பார்த்தாள்.

"இதை யார் செய்றாங்க?"

"என் பொண்டாட்டி."

"அவங்களைக் கூப்பிட முடியுமா? அவங்களோட ஒரு படம்..."

"தூங்குறா," என்றான் எலியாஸ்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பின்பு மாலையை வைத்துவிட்டு, மற்றவர்களைத் தேடிப் போனாள். எலியாஸ் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அன்று ஒரு மாலைதான் விற்றது. சனுக் பொழுது சாயும் வரை எழுந்திருக்கவில்லை.