ஐப்பசிக்குப் பூட்டிய மழைப் பெட்டி

தகரப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் "பாச்சா உருண்டை"யின் நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. அது அக்டோபர் மாதம், மும்பையில் இரண்டாம் கோடை, மின்விசிறி சுற்றாத வகுப்பறையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, எங்கள் சொர்ணம் டீச்சர் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து மழையைப் பற்றிய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

தாராவியில் நான் நாலாம் வகுப்புவரை படித்த தமிழ்ப் பள்ளியில் நூலகம் என்பது ஓர் இரும்பு அலமாரியும் மூன்று தகரப் பெட்டிகளும்தான். பெட்டிகளைச் சென்னையில் இருந்த ஏதோ ஓர் அறக்கட்டளை அனுப்பியிருந்தது. வேனில், மழை, பனி என்று பருவத்துக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றிலும் கதைப் புத்தகங்கள், பட அட்டைகள், செய்து பார்க்க ஒரு பொருள். மழைப் பெட்டியில் இருந்த பொருள் கோடு போட்ட கண்ணாடிக் குழாய். அதில் சேரும் மழையைத் தினமும் அளந்து, கூடவே இருக்கும் பெரிய அட்டையின் கட்டங்களில் எழுதிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். எந்த மாதம் எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதையும் அவர்களே மூடிமேல் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். "மழை: ஐப்பசி, கார்த்திகை."

சென்னைக்கு அது சரி. மும்பையிலோ ஜூன் இரண்டாம் வாரத்தில் கொட்டத் தொடங்கும் மழை செப்டம்பர் முடிவதற்குள் ஓய்ந்துவிடும். ஐப்பசி பிறக்கும் அக்டோபர் பதினெட்டு வாக்கில் இங்கே வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல வெறுமையாக இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள நூலகம் தேவையில்லை, காலிருந்தால் போதும். சொர்ணம் டீச்சருக்கும் கால்கள் இருந்தன. ஜூலை முழுவதும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில்தான் அவர் பள்ளிக்கு வந்தார். ஆனாலும் ஒட்டியிருந்த தாளைத்தான் நம்பினார்.

நான் நாலாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்தில், மழை தொடங்கிய மூன்றாம் நாள், அந்தக் குழாயைக் கேட்டு அவரிடம் போய் நின்றேன். அந்தப் பள்ளியில் வகுப்புகள் நாலோடு முடிந்தன. அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கு இல்லை. தேதி போட்டு எதையாவது எழுதி வைக்கும் கிறுக்கு அந்த வயதிலேயே எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் தெருவின் மழை என் கையெழுத்தில் சென்னைக்குப் போக வேண்டும் என்பது ஒன்றே அப்போது என் ஆசை.

"ஏட்டி, மூடியில என்ன போட்டிருக்கு? வாசி" என்றார் டீச்சர்.

"ஐப்பசி, கார்த்திகை."

"இப்ப என்ன மாசம்?"

"ஆனி, டீச்சர். ஆனா வெளிய மழ பெய்யுதே."

"பெய்யட்டும். படிச்சவுக போட்டிருக்காவ. உனக்கு அவுகள விடத் தெரிஞ்சிட்டோ?"

வெளியே வந்ததும் என் பக்கத்து இருக்கைக்காரி பேச்சி, "அது சாம்பிள் மழட்டி. ஒரிஜினல பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்காவ" என்றாள்.

நான் நேரான பக்கங்கள் கொண்ட ஓர் ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி, எங்கள் தகரக் கூரைமேல் செங்கற்களுக்கு நடுவில் நிறுத்தினேன். தினமும் காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறி, அடிக்கோலால் அளந்து, நாற்பது பக்க நோட்டில் தேதியும் கிழமையும் போட்டு எழுதினேன். "நாலா" என்று நாங்கள் சொல்லும் பெரிய சாக்கடை பொங்கி வீட்டுக்குள் புகுந்த ஒரு காலையில், குவளையால் தண்ணீரை வாரி வெளியே இறைத்துக்கொண்டிருந்த அம்மா, ஏணியில் கால் வைத்த என்னைப் பார்த்து, "மேல போயி என்னத்த அளக்கப் போற? இங்க கட்டிலுக்கடியில கெடக்கே, இத அளட்டி" என்றாள். அதையும் அளந்தேன். பதினெட்டு சென்டிமீட்டர், தனியாகக் குறித்தேன். செப்டம்பர் கடைசிவரை ஒரு நாள்கூட விடவில்லை.

ஐப்பசியில் பெட்டியைத் திறந்த அன்று அந்த நோட்டைக் கொண்டுபோய் டீச்சரிடம் நீட்டினேன். அவர் பொறுமையாகவே புரட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா ஜூன், ஜூலைன்னுல்லா இருக்கு. அட்டையில அதுக்குக் கட்டம் இல்லியே" என்று சொல்லி அதை மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். கையெழுத்து நன்றாக இருந்ததால் அட்டையை நிரப்பும் வேலையை மட்டும் எனக்கே கொடுத்தார்.

நான்கு நாள் தொடர்ந்து பூஜ்யம் எழுதினேன். ஐந்தாம் நாள் அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி, வெறும் சைபரா போட்டுவச்சிருக்க? இப்படி அனுப்புனா நாம வேலயே செய்யலன்னு நெனப்பாவ. ஒரு மக்குல தண்ணி எடுத்து ஊத்து."

"எவ்வளவு, டீச்சர்?"

"மழ எவ்வளவு பெய்யுமோ அவ்வளவு."

ஊற்றினேன். நான்கு மாதம் அளந்து பழகியவளுக்கு மழை எப்படிப் பெய்யும் என்பது நன்றாகவே தெரியும்; ஒரு நாள் நாற்பது மில்லிமீட்டர், மறுநாள் ஆறு, நம்பும்படியாக நடுவில் ஒரு பூஜ்யம். "தீபாவளியன்னிக்கு ஊத்தாதட்டி, வெடி நமுத்துப்போவும்" என்றாள் பேச்சி. அவள் சொன்னபடியே அன்றைக்கு மழையை நிறுத்தி வைத்தேன்.

கார்த்திகையில் "மழை விழா" நடந்தது. பெட்டிகள் வருவதற்கு ஏற்பாடு செய்த மாட்டுங்காப் பெரியவர் ஒருவர் தலைமை தாங்க வந்தார். வெயிலில் விரித்த குடைகளோடு எங்களை இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அட்டையைப் பார்த்தவர் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "பேஷ், எவ்வளவு நன்னா எழுதியிருக்கு இந்தக் கொழந்தை" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "நேத்திக்கு எவ்வளவும்மா பெஞ்சுது?" என்று கேட்டார். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே ஒரு ரயில் பாதைதான் இருக்கிறது, வானம் ஒன்றே.

"பதினோரு மில்லிமீட்டர், சார்."

"பேஷ்" என்றார் மறுபடியும். ஒரு பேனா பரிசாகக் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. குடையின் கீழ் நின்ற ஒருவருக்காவது சிரிப்பு வந்ததா என்று பார்த்தேன். பேச்சி ஒருத்திதான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். முட்டாள்களின் கூட்டம் என்று அன்று எனக்குத் தோன்றியது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கணிப்பை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் குத்திக்கொண்ட ஒருத்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர. பூஜ்யம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. பேனா நன்றாக இருந்தது.

அந்தப் பள்ளியில் இப்போது தமிழ்ப் பிரிவு இல்லை. பேச்சியின் மகள் செம்பூரில் ஆங்கிலப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள்; தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். போன ஜூலையில், மழையில் ரயில்கள் நின்றுபோன ஒரு நாளில், அவள் பள்ளி நூலகம் கொடுத்த பருவ வாசிப்புக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன்: கடற்கரை, மணல் வீடு, வெயில் தொப்பி. எந்த நாட்டு ஜூலையோ. "ஸ்கூல்ல குடுத்தா சரியாத்தான் இருக்கும்ட்டி" என்றாள், அன்று குடைக்கடியில் உதட்டைக் கடித்த பேச்சி.

என் நாற்பது பக்க நோட்டு திரும்பி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. அட்டையை டீச்சர் முத்திரை குத்திப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அறக்கட்டளைகள் எதையும் எறிவதில்லை. அந்த வருடம் எங்கள் தெருவில் பெய்த மழைக்கு இன்று ஒரு வரிகூட இல்லை. பெய்யாத மழை மட்டும் சென்னையில் ஏதோ ஒரு கோப்பில், என் கையெழுத்தில், நாள் தவறாமல் இருக்கும்.